ஃப்ரிட்ஜில் ஒரு பிராஜெக்ட்

புதுக்கோட்டையில் ப்ளஸ் டூ படிக்கும் அக்கா பையனுக்கு பயாலஜியில் பிராஜெக்ட். தலைப்பு, 'வைரஸும் அது தரும் நோய்களும்'. கீழ ராஜ வீதிக்குப் போய் சார்ட் பேப்பர், தெர்மாகோல் உருண்டை, ஒரு டப்பா குண்டூசி வாங்கிவிட்டான். உருண்டை முழுக்கக் குண்டூசி குத்தினால் கொரோனா ரெடி. டெங்கு, வெறிநாய்க்கடி, எய்ட்ஸ் எல்லாம் தலா நாலு வரி. பட்டியலில் சின்னம்மையைப் பார்த்த அப்பத்தா, "ஆத்தா வந்து இறங்குறதை வியாதின்னா எழுதுறே?" என்று சண்டைக்கே போய்விட்டாராம்.

"எல்லாம் மார்க்குக்குத்தானே மாமா? பிராஜெக்ட் பண்ணி எவன் என்னத்தைக் கண்டுபிடிச்சான்?" என்றான் போனில்.

"எவனும் இல்லைடா. ஒரு அம்மா கண்டுபிடிச்சாங்க" என்றேன்.

1985 கடைசி. சென்னை மருத்துவக் கல்லூரியில் (உங்க ஊர் முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் டாக்டர் பட்டம் வாங்கிய அதே இடம்) நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்தார் நிர்மலா. வயது 32, இரண்டு குழந்தைகள். ஆய்வேட்டுக்கு எய்ட்ஸை எடுத்துக்கொள் என்றார் பேராசிரியை சுனிதி சாலமன். அது வெள்ளைக்காரன் வியாதி, நம்ம கலாசாரத்துக்கு வராது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்த நேரம்.

கொஞ்சம் வைரஸ் புராணம். வைரஸுக்குச் சொந்தமாகச் சமையல்கட்டு கிடையாது. நம் செல்லுக்குள் நுழைந்து நம் அடுப்பு, நம் மளிகையில் தன்னையே சமைத்துக்கொள்ளும் ஜென்மம். எச்.ஐ.வி. ஒரு படி மேலே. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதி, நம் மூலப்பத்திரத்துக்குள்ளேயே செருகிவிடும். போலிப் பத்திரத்தை ரிஜிஸ்தர் ஆபீஸில் பதிவே பண்ணிவிட்ட மாதிரி. அதுவும் எங்கே? நோயை விரட்ட வேண்டிய வெள்ளணுவில். போலீஸ் ஸ்டேஷனிலேயே குடிவந்த திருடன் சார் அது!

நிர்மலா தினம் காப்பகத்துக்குப் போனார். போலீஸ் பிடித்து வந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் எடுத்தார். கையுறைகூடக் கிடையாது. ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டது கணவர். சாம்பிளை வைக்க வசதி இல்லாததால் வைத்த இடம் வீட்டு ஃப்ரிட்ஜ். எல்லார் வீட்டிலும் தோசை மாவு இருக்கிற அதே ஃப்ரிட்ஜ்! (என் வீட்டில் நடந்திருந்தால் பிராஜெக்டோடு நானும் தெருவில் நின்றிருப்பேன்.)

மூன்று மாதத்தில் எண்பதுக்கு மேல் சேர்ந்தது. சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை, வேலூர் சி.எம்.சி.யில்தான். 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியோடு ராத்திரி ரயில் ஏறி காட்பாடியில் இறங்கினார். எலைசா சோதனை ஓடும்போது கரண்ட் போய்விட்டது. டீ குடித்துவிட்டு வந்து மூடியைத் திறந்தால், ஆறு குழிகள் பளிச்சென்று மஞ்சள்.

மஞ்சள் என்றால் நம் ஊரில் மங்களம். அங்கே வைரஸ் இருக்கிறது என்று அர்த்தம்.

மறுபடி அந்த ஆறு பேரிடமும் ரத்தம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அதேதான். விஷயம் பிரதமர் ராஜீவ் காந்தி வரை போனது. மே மாதம் சட்டசபையில் அமைச்சர் ஹண்டே அறிவித்தார். நம்பாதவர்கள் சோதனையே தப்பு என்றார்கள்.

எனக்கு நெருடுவது வேறு. எதற்கு ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவே இல்லை. அன்றைக்கு யாரும் அதைத் தப்பாகவும் நினைக்கவில்லை. கேட்காமல் எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது என்று சட்டம் வந்தது 2017-ல். அரசு இலவச மருந்து ஆரம்பித்தது 2004-ல். அந்த ஆறு பேர் மஞ்சளாகத் தெரிந்து பதினெட்டு வருஷம் கழித்து! நாட்டையே உஷார்படுத்தியது அவர்கள் ரத்தம். அவர்களுக்குக் கிடைத்தது என்னவோ ஊசிக்குத்து மட்டும்தான்.

பேராசிரியைக்காவது பேர் கிடைத்தது. மாணவி 1987 மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுத்தார். பாஸ் போட்டார்கள். பிறகு கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தடுப்பூசித் தயாரிப்பு வேலைக்குப் போய் 2010-ல் ரிடையரானார்.