தேங்காயும் மாசியுமா அழைத்து வந்தன?

விளம்பரத்தின் தலைப்பில் சொற்களைச் சற்று மாற்றி அடுக்கினால் விற்பனை பன்மடங்காகும் என்ற நம்பிக்கை, கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இன்று கேள்வியின்றி ஏற்கப்பட்டுவிட்டது. பஸ் நிலையத்தில் பயணிகளின் கையில் திணிக்கப்படும் டியூஷன் வகுப்பு நோட்டீசு முதல், வெளிநாட்டு வேலை, உடனடிக் கடன் என்று கைப்பேசிக்கு வந்து விழும் குறுஞ்செய்தி வரை, எல்லாம் முதல் வரியிலேயே கூச்சலிடுகின்றன. இரண்டாம் வரியிலோ விலையும் இல்லை, நிபந்தனையும் இல்லை. கடையையோ தரகரையோ நம்பாமல், அஞ்சல், துண்டுப்பிரசுரம், தொலைபேசி ஆகியவற்றின் மூலம் வாடிக்கையாளரை நேரே அணுகி அவரிடமிருந்து ஒரு பதிலைப் பெறும் விற்பனை முறைக்கு நேரடிச் சந்தைப்படுத்தல் என்று பெயர். அனுப்பிய செய்திகளில் எத்தனைக்குப் பதில் வந்தது என்ற கணக்கே துலங்கல் வீதம். அந்த வீதத்தைத் தலைப்பே தீர்மானிக்கிறது என்பது படித்தவர்கள் நடுவே உலவும் மூடநம்பிக்கை. அது கண்டிக்கப்பட வேண்டியது.

இந்த நம்பிக்கைக்கு மலையகத்தில் ஒரு பழைய கதை துணைநிற்கிறது. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி ஆசை காட்டினார், அந்த ஒற்றை வாக்குக்கு மயங்கி நம் முன்னோர் கடல் கடந்தார்கள் என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. ஒரு வரி விளம்பரம் ஒரு சமூகத்தையே இடம்பெயர்த்தது என்றால் தலைப்பின் வலிமைக்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. ஆனால் வரலாறு அந்தச் சான்றை அடியோடு மறுக்கிறது.

ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரவில் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டது 1867இல். கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் எழுந்ததோ 1820களில். இடைப்பட்ட காலத்தில் தமிழகத்திலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் கோப்பி பறிக்க வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலைத் தூரே இல்லாத காலத்தில் எந்தத் தூரில் தேங்காய் இருக்கிறது என்று நம்பி அவர்கள் வந்தார்கள்? ஒரு முறை வந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, கொள்ளைநோயில் உறவினரைப் பறிகொடுத்து, எந்தச் செடிக்கடியிலும் மண்ணைத் தவிர ஒன்றுமில்லை என்று கண்ணால் கண்டு திரும்பியவர்களே அடுத்த பருவத்திலும் வந்தார்களே, அவர்களை மயக்கிய தலைப்பு எது?

தலைப்பு எதுவும் இல்லை. கடனும் வறட்சியும் சாதிக் கொடுமையும் அவர்களை ஊரைவிட்டுத் துரத்தின. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வதைத்த தாது வருஷப் பஞ்சத்தின்போது இலங்கைக்கு வந்தவர்களின் தொகை பெருகியதற்குக் காரணம் அந்த ஆண்டுகளில் கங்காணியின் நாவன்மை கூடியது என்று சொல்ல எவராவது துணிவாரா? கங்காணி வீசியெறிந்தது வெறும் வார்த்தை அன்று. பழைய கடனை அடைக்கவும் வழிச்செலவுக்கும் கையில் முற்பணம் கொடுத்தார்; பெரும்பாலும் அதே ஊர்க்காரராகவோ உறவினராகவோ இருந்ததால் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதையும் அறிந்திருந்தார். அந்த முற்பணம் பின்னர் துண்டு முறையாக இறுகியது. தொழிலாளியின் கடன் தொகையைக் குறித்துத் தோட்டம் தந்த சீட்டே துண்டு; அத்தொகையைச் செலுத்த முன்வந்த தோட்டத்துக்கு மட்டுமே அவர் மாற முடிந்தது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை மனிதரைக் கட்டிவைத்தது இந்தக் கடிதாசித் துண்டே தவிர, தேங்காய்க் கதை அன்று.

அமெரிக்காவில் நேரடி அஞ்சல் விற்பனையில் ஊறிய எட் மேயர் வகுத்ததாகச் சொல்லப்படும் விதியும் இதையே உரைக்கிறது. வெற்றியின் 100 பங்கில் 40 பங்கு யாருக்கு அனுப்புகிறோம் என்ற பட்டியலையும், 40 பங்கு என்ன தருகிறோம் என்ற சலுகையையும் சேரும். எஞ்சிய 20 பங்கே எழுத்துக்கும் அமைப்புக்கும் உரியது, தலைப்பு அந்த 20இல் ஒரு துண்டு. கங்காணியின் பட்டியல் பசித்த வீடுகள். அவரது சலுகை முற்பணம். இவ்விரண்டும் இருந்தபின் அவர் ஊமையாக இருந்திருந்தாலும் ஆட்கள் வந்திருப்பார்கள்.

தலைப்பு வழிபாட்டினர் 1926இல் ஜோன் கேப்பிள்ஸ் எழுதி, தலைப்பால் புகழ்பெற்ற பியானோப் பாட விளம்பரத்தையும், ஒரே நூலின் பெயரை மாற்றியதால் ஆண்டு விற்பனையை 6,000 படிகளிலிருந்து 50,000 படிகளாக உயர்த்திய ஹால்ட்மன்-ஜூலியஸ் என்ற பதிப்பாளரையும் காட்டுவர். அந்தப் பதிப்பாளர் விற்றது 5 சத நூல்களை, அதுவும் அஞ்சலில் நூல் வாங்கிப் பழகியவர்களுக்கு என்பதை அவர்கள் சொல்வதில்லை. பட்டியலையும் விலையையும் மாற்றாமல் தலைப்பை மட்டும் மாற்றிச் செய்யும் சோதனை, ஒரு தலைப்பு மற்றொன்றைவிடச் சிறந்தது என்று காட்டலாம். பட்டியலையும் விலையையும்விடத் தலைப்பு பெரிது என்று ஒருபோதும் காட்டாது. கண்டியில் நடப்பது சோதனையும் அன்று. ஒரு தலைப்போடு 1,000 நோட்டீசு கொடுத்து 10 பேர் வந்தார்கள், வேறொரு தலைப்போடு 1,000 கொடுத்து 15 பேர் வந்தார்கள் என்றால், விற்பனை 50 வீதம் உயர்ந்தது என்று கொண்டாடுகிறார்கள். ஒரே நோட்டீசைச் சம்பள வாரத்தில் ஒரு நாளும் அடைமழையில் ஒரு நாளும் கொடுத்தாலும் அதே வேறுபாடு வரக்கூடும்.

இந்த நம்பிக்கையின் கேடு வியாபாரிகளின் பணத்தோடு நிற்கவில்லை. ஏமாற்றியவனின் திறமையைப் புகழ்ந்து ஏமாந்தவரின் அறிவைப் பழிக்கும் பழக்கத்தை அது வளர்க்கிறது. ஒரு வாக்கியத்துக்கு மயங்கிவந்த பேதைகள் என்று பேசப்பட்ட அதே மக்களைத்தான் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. உழைத்து இந்நாட்டை வளர்த்தவர்களை வழிதவறி வந்தவர்களாகக் காட்ட அந்தப் பேச்சும் உதவியது. இன்று தெல்தோட்டையிலும் கலஹாவிலும் தோட்ட லயத்துப் பெண்கள் வட்டிக்கடனில் சிக்கும்போதும், விளம்பரத்தை நம்பிக் கெட்டார்கள் என்றே சொல்கிறார்கள். கடன் வாங்காமல் மாதத்தை ஓட்ட முடியாத சம்பளத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. தவறாக வழிநடத்தும் வணிக நடத்தையை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடைசெய்திருந்தும், கூச்சலிடும் தலைப்பைக் கெட்டிக்காரத்தனம் என்று நாமே பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

கண்டி வியாபாரிகள் இனியேனும் தலைப்புக்குச் செலவிடும் பொழுதை, யாருக்கு எது தேவை, அதை என்ன விலைக்கு நேர்மையாகத் தர முடியும் என்று அறிவதில் செலவிட வேண்டும். மேடைப் பேச்சாளர்கள் தேங்காய், மாசிக் கதையைச் சொல்வதானால் பஞ்சத்தையும் முற்பணத்தையும் துண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் முன்னோர் சொல்லுக்கு மயங்கி வந்தவர்கள் அல்லர். பிழைக்க வேறு வழி விடப்படாததால் வந்தவர்கள்.