பழைய கார் வாங்குகிறீர்களா? சாசி எண்ணைக் கேளுங்கள்

பிள்ளை கல்லூரிக்குப் போகிறாள், மகனுக்கு முதல் வேலை கிடைத்திருக்கிறது என்றதும் நம் வீடுகளில் தேட ஆரம்பிப்பது ஒரு பழைய கார். எஞ்சின் சத்தம் கேட்போம், டயரைத் தட்டிப் பார்ப்போம், ஏர்கோன் குளிர்கிறதா என்றும் பார்ப்போம். ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் ஏர்பேக்கைப் பற்றி யாராவது கேட்டதுண்டா?

2014 ஜூலையில் சரவாக், சிபுவில் ஒரு விபத்து. குறைந்த வேகத்தில் நடந்த மோதல். 2003-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டியை ஓட்டி வந்தவர் ஒரு கர்ப்பிணி. அவர் உயிரைப் பறித்தது ஏர்பேக்கிலிருந்து பாய்ந்து வந்த உலோகத் துண்டு. வயிற்றிலிருந்த குழந்தையும் பிழைக்கவில்லை. ஜப்பானின் தக்காத்தா நிறுவனம் தயாரித்த ஏர்பேக்கால் அமெரிக்காவுக்கு வெளியே உறுதி செய்யப்பட்ட முதல் மரணம் அதுதான். அதன் பிறகும் நம் நாட்டில் இதே காரணத்தால் உயிர்கள் போயின.

ஏன் இப்படி? ஏர்பேக்கை ஊதுவதற்கு ஸ்டீயரிங்கின் நடுவில் ஓர் உலோகக் குப்பி இருக்கிறது. அதற்குள் தக்காத்தா பயன்படுத்தியது அம்மோனியம் நைட்ரேட். உரத்திலும் பாறை உடைக்கும் வெடியிலும் இருப்பதுதான். பல ஆண்டுகள் வெப்பமும் ஈரமும் பட்டால் அந்த மருந்து கெட்டுப்போகிறது. மோதும்போது அளவுக்கு மீறி வேகமாக எரிந்து, குப்பியையே வெடிக்க வைக்கிறது. சிதறும் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு கழுத்திலும் முகத்திலும் மார்பிலும் பாய்கின்றன. சிலருக்குக் கண் பார்வையே போயிருக்கிறது. காயத்தைப் பார்த்தால் கத்திக்குத்து போலிருக்குமாம்.

வெப்பமும் ஈரமும்! ஆண்டு முழுக்க நம் ஊரில் வேறென்ன இருக்கிறது? கார் வயதாக ஆக ஆபத்தும் கூடுகிறது.

உலகம் முழுதும் சுமார் 10 கோடி குப்பிகள் திரும்பப் பெறும் பட்டியலில் சேர்ந்தன. தக்காத்தா 2017-இல் திவாலானது. ஹோண்டா மட்டுமல்ல, டொயோட்டா, நிசான், பிஎம்டபிள்யூ என்று பல நிறுவனங்களின் கார்களிலும் அவை இருந்தன. சம்பந்தப்பட்ட நிறுவனங்கள் இலவசமாகவே மாற்றித் தருகின்றன. சிக்கல் என்னவென்றால், நிறுவனம் அனுப்பும் கடிதம் தன் பதிவில் இருக்கும் பழைய உரிமையாளரின் முகவரிக்குப் போய்விடலாம். கார் மூன்று கை மாறியிருக்கும். இப்போது ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது.

டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியவில்லையே என்று நிம்மதி அடையாதீர்கள். அது மின் இணைப்பில் கோளாறு இருந்தால் எரியும். மருந்து கெட்டதைக் காட்டாது. மெக்கானிக் மேலோட்டமாகப் பார்த்தும் சொல்ல முடியாது.

கிராண்டில் சாசி எண் இருக்கும். கார் நிறுவனத்தின் இணையத்தளத்தில் அதைத் தட்டிப் பாருங்கள், அல்லது அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. பட்டியலில் இருந்தால் மாற்றும் வரை அந்தக் காரை வெளியே எடுக்காதீர்கள். பயந்துபோய் ஏர்பேக்கை நீங்களே கழற்றவும் வேண்டாம். நல்ல ஏர்பேக் உயிர் காக்கும் கருவி.

இந்த வார இறுதியில் அப்பாவின் கார், அண்ணனின் கார், வாசலில் நிற்கும் மாமாவின் பழைய கார் எல்லாவற்றுக்கும் எண்ணைச் சரிபார்த்துவிடுங்கள். காசு செலவில்லை.