காலை எடுப்பதா, வலியைத் தணிப்பதா?

பாண்டிக்கு அப்போது 11 வயது. ராஜபாளையம் நாய். முன்னங்காலில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒரு வீக்கம். சுளுக்கு என்று நினைத்து இரண்டு வாரம் விட்டுவிட்டோம். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது, அந்த இடத்தில் எலும்பு கறையான் அரித்த விறகுபோல இருந்தது. “எலும்புப் புற்றுநோய் மாதிரிதான் தெரியுது சார். காலை எடுத்துடலாம். மூணு கால்லயே நல்லா நடப்பான்” என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. மூன்று காலில் ஓடி விளையாடும் நாய்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால், அன்று இரவு எங்கள் வீட்டில் நடந்த பேச்சு முழுவதும் பணத்தைச் சுற்றியே போனது. “நாய்க்கு எதுக்குப்பா இவ்வளவு?” என்றார் அண்ணன். “தாத்தாவுக்கு வந்திருந்தா இப்படிக் கேப்பீங்களா, பெரியப்பா?” என்று என் மகள் அழுதாள். பாண்டி மேசைக்கு அடியில் படுத்து அந்தக் காலை நக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு மிச்சமிருக்கும் நாட்கள் எப்படிக் கழியும் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

இந்த நோயைப் பற்றிக் கால்நடை மருத்துவத்துக்கு நிறையவே தெரியும். பெரும்பாலும் பெரிய உடல்வாகுள்ள நாய்களுக்கே வருகிறது. கண்டுபிடிக்கும்போது மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும், பத்தில் ஒன்பது நாய்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவில் நோய் பரவியிருக்கும். காலை மட்டும் எடுத்தால் பாதி நாய்கள் நான்கைந்து மாதங்களுக்குள் இறந்துவிடுகின்றன. கீமோதெரபியும் சேர்ந்தால் பாதி நாய்கள் பத்து, பன்னிரண்டு மாதம்வரை தாக்குப்பிடிக்கின்றன. ‘காப்பாற்றிவிடலாம்’ என்பதற்கு இங்கே இவ்வளவுதான் பொருள்.

அந்த மாதங்களிலிருந்து புண் ஆறும் வாரங்களையும், மூன்று காலில் நிற்கப் பழகும் வாரங்களையும், மருத்துவமனைக்கு அலையும் நாட்களையும் கழிக்க வேண்டும். ஐந்து வயது நாய்க்கு இது பெரிய விஷயமல்ல. நாயின் உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களே தாங்குகின்றன; அதில் ஒன்று போனால் அந்தச் சுமை மற்ற கால்கள்மேல் விழும். பாண்டிக்கோ பின்னங்கால் மூட்டுகள் ஏற்கெனவே தேய்ந்திருந்தன. எழுந்து நிற்கவே இரண்டு முறை முயல வேண்டியிருந்தது.

தாத்தாவோடு ஒப்பிட்ட மகளுக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்வேன். கீமோவுக்குப் போகும் மனிதருக்குப் பேத்தி கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற கணக்கு இருக்கும். இந்த வலி எதற்காக என்று அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லவும் அவரால் முடியும். நாய்க்கு இன்று ஊசி குத்தியது, இன்று கூண்டில் அடைத்தது, இன்று வீட்டு மனிதர்கள் யாரும் பக்கத்தில் இல்லை என்பது மட்டுமே தெரியும். அடுத்த தீபாவளிக்காக அது எதையும் பொறுத்துக்கொள்வதில்லை. கூடுதல் மாதங்கள் வேண்டும் என்று ஆசைப்படுவது நாம்.

இதைச் சொல்லும்போதே எதிர்ப்பக்கத்தையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ‘வயசாயிடுச்சு, விட்டுடுங்க’ என்ற பேச்சு தேவையற்ற அறுவை சிகிச்சையைவிட அதிக நாய்களைத் துன்பத்தில் தள்ளுகிறது என்றே நினைக்கிறேன். கருத்தடை செய்யாத முதிய பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் கோத்துவிட்டால், பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி, தள்ளிப்போட்டால் செத்துப்போகும். நேரத்தோடு செய்துவிட்டால் 12 வயது நாய்கூடச் சில நாளில் வீடு திரும்பி வாலை ஆட்டும். சொத்தைப் பல்லைப் பிடுங்கினாலே பட்டினி கிடந்த கிழட்டு நாய் சாப்பிடத் தொடங்கிவிடும். ரத்தப் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் சரியாக இருந்தால், வயதை மட்டும் காட்டி மயக்க மருந்தை மறுக்க வேண்டியதில்லை.

நாங்கள் காலை எடுக்கவில்லை. ‘ஒன்றும் செய்யாமல்’ விட்டுவிட்டோம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மனம் நொந்தது. வலிதணிப்புச் சிகிச்சை என்பது ஒன்றும் செய்யாமல் இருப்பதல்ல. சிறுநீரகமும் கல்லீரலும் தாங்குமா என்று ரத்தம் பார்த்து மெலாக்ஸிகாம், அது போதாதபோது கபாபென்டின். (வீட்டில் கிடக்கும் பாராசிட்டமாலையோ இபுப்ரூஃபெனையோ நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள், அவை நாயின் உடலுக்கு நஞ்சாகலாம்.) டைல்ஸ் தரையில் வழுக்காமல் இருக்க வாசலிலிருந்து கொல்லைவரை கோணிச் சாக்கு விரித்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி, சிறுநீர் கழிக்க அழைத்துப் போனோம். தயிர்சோற்றைத் தட்டில் வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வான். என் மனைவி கையில் உருட்டிக் கொடுத்தால் நாலு உருண்டை உள்ளே போகும்.

அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த ஓர் அளவுகோல் உண்டு. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழுக்கும் பத்துப் பத்து மதிப்பெண். மொத்தம் 70. 35-க்கு மேல் இருக்கும்வரை பராமரிப்பைத் தொடரலாம். எங்களுக்கு அவ்வளவு கணக்குகூடத் தேவைப்படவில்லை. சமையலறைக் காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு வட்டம், கெட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. அன்பு கண்ணை மறைக்கும்போது காலண்டர் உண்மையைச் சொல்லிவிடும்.

ஆனால், எலும்புப் புற்றுநோயின் வலி மாத்திரைக்கு நெடுநாள் கட்டுப்படாது. அரித்துப்போன எலும்பு ஒருநாள் படியிறங்கும்போதே முறியக்கூடும். காலை எடுப்பது ஆயுளை நீட்டாவிட்டாலும் அந்த வலியை அடியோடு எடுத்துவிடும். மற்ற மூன்று கால்களும் பலமாக உள்ள நாய்க்கு அதுவேகூட வலிதணிப்புதான். பாண்டியின் கால்கள் அப்படி இருந்திருந்தால் நானும் சம்மதித்திருப்பேன். கத்தி வேண்டாம் என்று முடிவெடுப்பவர், மாத்திரை தோற்கும் நாளில் கடைசி ஊசிக்கும் சேர்த்தே சம்மதிக்கிறார். அதற்கு மனமில்லாமல் ‘இயற்கையாகப் போகட்டும்’ என்பவர் நாயைக் காப்பாற்றவும் இல்லை, அதன் வலியைத் தணிக்கவும் இல்லை.

பாவம் என்ற பயம் இங்கேதான் குறுக்கே வருகிறது. 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று தீராத வேதனையில் கிடந்தது. பிழைக்காது என்று உறுதியானதும், காந்தி மருத்துவரை அழைத்து ஊசி போட்டு அதன் உயிரைப் போக்கச் செய்தார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை, தான் செய்தது அகிம்சைதான் என்று எழுதினார். உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்னும் நிலையில் உள்ள விலங்கின் உயிரைப் போக்க, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் 13-ஆம் பிரிவில் இடம் தந்திருக்கிறது.

ஒன்பதாவது வாரம் காலண்டரில் தொடர்ந்து நான்கு பெருக்கல் குறிகள். ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டர் வீட்டுக்கே வந்தார். முதலில் மயக்க ஊசி. மகள் மடியில் தலைவைத்து நன்றாக உறங்கிய பிறகுதான் ரத்தநாளத்தில் இரண்டாவது ஊசி. அந்த வரிசை முக்கியம். மயக்கம் தராமல் நேரடியாகக் கடைசி மருந்தை ஏற்ற யாரையும் அனுமதிக்காதீர்கள்.

கால்நடை மருத்துவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அறுவை சிகிச்சையைச் சொல்லும் அதே மேசையில், வலிதணிப்பும் ஒரு சிகிச்சை என்பதைச் சொல்லுங்கள். எத்தனை மாதம் கூடும், அதில் எத்தனை வாரம் படுக்கையில் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் முதிய நாய் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது நன்றாக இருக்கும்போதே உங்கள் டாக்டரிடம் கேட்டு வையுங்கள்: “கடைசி நாளில் கூப்பிட்டால் வீட்டுக்கு வருவீர்களா?”