கொல்ல வேப்பிலை சரி, வளர்க்க எந்த இலை?

நுண்ணுயிரியல் மாணவர்களின் இறுதியாண்டு புராஜெக்ட் தலைப்புகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். வேப்பிலைச் சாறு கிருமியைக் கொல்லுமா, துளசிச் சாறு கொல்லுமா, கீழாநெல்லி கொல்லுமா... செடியின் பெயர் மட்டும் மாறும், மற்றதெல்லாம் அச்சு அசலாக அதேதான். அகார் தட்டில் கிருமியைப் பூசு, சாற்றை வை, சுற்றிலும் விழும் வெற்று வட்டத்தை ஸ்கேல் வைத்து அள, பட்டம் வாங்கு. வட்டம் விழாத செடி? குப்பைக்கூடைக்கு!

கிருமியைக் கொல்லாத செடி உதவாத செடி என்று யார் சொன்னது? சில கிருமிகளை ஒழிக்க வேண்டுமென்றால் முதலில் அவற்றுக்குச் சோறு போட்டு வளர்த்தாக வேண்டும். அதற்கு எந்தச் செடி கைகொடுக்கும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

காசநோய்க் கிருமியையே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல தீனி கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கும். காசநோய்க் கிருமி ஒருமுறை பிளக்கவே 18 முதல் 24 மணி நேரம் ஆகும். ஈ.கோலையை இன்று விதைத்தால் நாளை காலை தட்டில் தெரியும். காசநோய்க் கிருமியோ, முட்டை கலந்த லோவென்ஸ்டைன்-ஜென்சன் ஊடகத்தில் கண்ணுக்குத் தெரிய 3 முதல் 8 வாரம் பிடிக்கும்.

அத்தனை வாரங்களுக்கும் வட்டி கட்டுவது யார்? எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமல் இருமிக்கொண்டிருக்கும் நோயாளியும், அவரோடு ஒரே அறையில் படுத்துறங்கும் பிள்ளைகளும்தான். 2023-இல் மட்டும் காசநோயால் 12.5 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அந்த ஆண்டு உலகில் புதிதாக நோய் கண்டவர்களில் நாலில் ஒருவர் இந்தியாவில் இருந்தார்.

"செடியைப் போட்டுக் கிருமி வளர்ப்பதா? இதென்ன பாட்டி வைத்தியம்?" என்று சிரிப்பவர்கள் கொஞ்சம் வரலாற்றைப் புரட்டலாம். ராபர்ட் கோக் தொடக்க காலத்தில் கிருமி வளர்த்தது வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டின் மேல். இன்று எல்லா ஆய்வகத்திலும் இருக்கும் அகார், கடற்பாசியிலிருந்து வருவது. சமையலறையில் அதைப் பயன்படுத்திய ஃபேனி ஹெஸ்ஸே சொல்லித்தான் அது ஆய்வகத்துக்குள் நுழைந்தது. லோவென்ஸ்டைன்-ஜென்சன் ஊடகத்தில் சேரும் அஸ்பராஜினை 1806-இல் முதன்முதலில் பிரித்தெடுத்தது அஸ்பராகஸ் தண்டின் சாற்றிலிருந்து. பி.சி.ஜி. தடுப்பூசிக்காகக் கால்மெட்டும் கெரினும் 1908 முதல் 1921 வரை கிருமியை மாற்றி மாற்றி வளர்த்தது, கிளிசரினும் மாட்டுப் பித்தமும் ஊறிய உருளைக்கிழங்கில். இதெல்லாம் பாட்டி வைத்தியமா?

இன்னொரு கதையும் உண்டு. மாடுகளுக்கு யோனே நோய் தரும் கிருமியை எந்த ஊடகத்திலும் வளர்க்க முடியாமல் இருந்தது. 1910-களில் ஃபிரடெரிக் டுவோர்ட், திமோத்தி புல்லில் காணப்படும் ஒரு கிருமியைக் கொன்று அதன் எச்சத்தை ஊடகத்தில் கலந்தார். முரண்டு பிடித்த கிருமி வளர்ந்தது! அந்த எச்சத்தில் இருந்த பொருள் பின்னாளில் பிரித்தெடுக்கப்பட்டு மைகோபாக்டின் என்று பெயர் பெற்றது. கிருமிக்கு இரும்புச்சத்தைச் சுமந்து வந்து தரும் பொருள் அது. டுவோர்ட் கலந்தது செடிச்சாறு அல்ல, உண்மைதான். ஆனால் "இதற்கு என்ன குறைகிறது?" என்ற அவருடைய கேள்வியைச் செடியிடமும் கேட்கலாமே!

இரண்டு மறுப்புகள் வரும். ஒன்று, செடிச்சாறு ஒரே தரத்தில் இருக்காது, மண்ணும் பருவமும் மாறினால் அதுவும் மாறும் என்பது. நியாயமான பேச்சு. அதனால்தான் சாறோடு நிற்கக் கூடாது, அதில் வேலை செய்யும் பொருளைப் பிரித்தெடுக்க வேண்டும். மைகோபாக்டினுக்கு நடந்தது அதுதான்.

இரண்டாவது, ஜீன் எக்ஸ்பர்ட் கருவி இரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்லும்போது வளர்ப்பு எதற்கு என்பது. அந்தக் கருவி டி.என்.ஏ.-வைத்தான் பார்க்கிறது. செத்த கிருமியிலும் டி.என்.ஏ. இருக்கும். சிகிச்சைக்குப் பிறகு உடம்பில் உயிருள்ள கிருமி மிச்சமிருக்கிறதா என்று அறியவும், பெடாகுயிலின் போன்ற புதிய மருந்து கேட்குமா என்று பார்க்கவும் இன்றும் பெரும்பாலும் வளர்ப்பைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இதற்காகக் கல்லூரி ஆய்வகத்தில் காசநோய்க் கிருமியை யாரும் தொட வேண்டாம், தொடவும் கூடாது. அதற்குத் தனிப் பாதுகாப்பு அறை வேண்டும். ஆனால் சோயா வேர் முடிச்சில் வாழும் பிராடிரைசோபியம் இருக்கிறதே! நோய் தராது, உழவருக்கும் வேண்டியது, தட்டில் தலைகாட்ட ஏறக்குறைய ஒரு வாரம் எடுக்கும் சோம்பேறி. சாறு கலந்த தட்டு, கலக்காத தட்டு, எது எத்தனை நாளில் வளர்ந்தது என்ற கணக்கு. அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதிகமானால் கொல்லும் சாறே குறைந்தால் வளர்க்கவும் கூடும். கூடுதல் செலவு என்று பார்த்தால் கொஞ்சம் பொறுமை மட்டும்தான்.

வேப்பிலையின் வட்டத்தை இன்னும் எத்தனை முறைதான் அளப்பார்கள்? அடுத்த ஆண்டு புராஜெக்டில் ஒரே ஒருவராவது ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டுக் காலண்டரைக் கையில் எடுக்கட்டும்!