சட்டை மறைக்கும் டாட்டூ ராணுவ வேலையைத் தடுக்குமா? தோள்பட்டையில் பச்சை குத்தும் முன் இதைப் படிங்க!

"தோள்பட்டைக்குப் பின்னாடிதானே, சட்டை போட்டா யாருக்குத் தெரியப் போகுது?" டாட்டூ போட நினைக்கும் பலரின் கணக்கு இதுதான். ஆனால் பத்தமடை, சேரன்மகாதேவி பக்கம் அக்னிவீர் தேர்வுக்காக விடியற்காலையில் ஓடிப் பழகும் ஓர் இளைஞருக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்.

ஏன்? ராணுவ ஆள்சேர்ப்பு விதிப்படி நிரந்தர டாட்டூவுக்கு அனுமதி உள்ள இடங்கள் இரண்டே. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கையின் உட்புறம், அடுத்தது புறங்கை. தோள்பட்டை, முதுகு, மார்பு, கழுத்து எதற்கும் அனுமதி கிடையாது. விமானப்படையின் அக்னிவீர் வாயு தேர்விலும் இதே விதிதான். மரபுப்படி பச்சை குத்தும் பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு உண்டு.

வெளியே தெரியும் கைக்கு ஓகே, சட்டைக்குள் இருக்கும் முதுகுக்கு நோ! விசித்திரம்தான். ஆனால் மருத்துவப் பரிசோதனையில் சட்டையைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

சி.ஆர்.பி.எஃப், பி.எஸ்.எஃப் போன்ற துணை ராணுவப் படைகளில் இன்னும் கெடுபிடி. முன்கை என்றால் இடது கையின் உட்புறம் மட்டும்தான், ஏன்னா வலது கை சல்யூட் அடிக்கும் கை. புறங்கையிலும் இருக்கலாம். அளவு அந்தப் பகுதியில் கால் பங்குக்குள் இருக்க வேண்டும். மதச் சின்னம், பெயர் போன்றவற்றுக்குத் தடையில்லை. (பெயர் பதிக்கத்தான் ஆசை என்றால், பத்தமடையில் கல்யாணப் பாயிலேயே மணமக்கள் பெயரை நெய்து தருகிறார்கள். அதை எந்த மெடிக்கல் போர்டும் கேட்காது!)

அழித்துவிட்டால் போச்சு என்கிறீர்களா? லேசரில் ஒரே நாளில் போகாது. வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல முறை செய்ய வேண்டும். செலவும் கூடும், தழும்பும் நிற்கலாம். மெடிக்கலுக்கு அழைப்பு வந்த பிறகு ஓடினால் நேரம் இருக்காது.

டெல்லி போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வில் வலது கை டாட்டூவால் நிராகரிக்கப்பட்ட ஒருவருக்கு 2024-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் சாதகமான தீர்ப்பு கிடைத்தது. அவர் அதை அகற்றியிருந்தார், கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு மங்கியிருந்தது. ஆனால் அதற்கு அவர் கோர்ட் வரை போக வேண்டியிருந்தது.

சீருடை வேலை பக்கமே போகாதவர்களுக்கும் ஒரு விஷயம். டாட்டூ போட்டால் 12 மாதங்களுக்கு ரத்த தானம் செய்ய முடியாது. ஊசி வழியே ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரவலாம் என்பதே காரணம். அதனால் புது ஊசியை உங்கள் கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்கள், மையையும் புதுக் கப்பில் ஊற்றச் சொல்லுங்கள்.