வெயிலில் ஓடும் பள்ளி ஏசி: உண்மையில் மிச்சமாகிறதா?

வெயில் கொளுத்தும்போதுதான் ஏசி அதிகம் தேவை. அப்படின்னா அந்த வெயிலை வைத்தே ஏசியை ஓட்டினால் என்ன? அமெரிக்காவில் 1970-களிலேயே இதைச் செய்து பார்த்தார்கள்.

1973 எண்ணெய் நெருக்கடி அங்கே எரிபொருள் விலையை ஏற்றியது. மறு வருடமே, கட்டடங்களைச் சூரிய வெப்பத்தால் சூடாக்கவும் குளிர்விக்கவும் செயல்விளக்கத் திட்டங்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அட்லாண்டாவின் ஜார்ஜ் டவுன்ஸ் தொடக்கப் பள்ளி அந்தக் காலத்தின் முக்கியமான பரிசோதனை. கூரையில் சுமார் 10,000 சதுர அடிக்கு வெப்பத் தகடுகள், கூடவே 100 டன் குளிரூட்டும் இயந்திரம். நம் வீட்டு ஏசி 1.5 டன்தான்!

எப்படி வேலை செய்கிறது?

இது மின்சாரம் தரும் சோலார் பேனல் இல்லை. தகடுகள் தண்ணீரைச் சூடாக்கும். குளிர்காலத்தில் அந்தச் சூடு நேராக வகுப்பறைக்குப் போகும். கோடையில் 80-90 டிகிரி வெந்நீர், லித்தியம் புரோமைடு கரைசலில் இயங்கும் குளிரூட்டியை ஓட்டும்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

இந்த வகை இயந்திரத்துக்கு 100 யூனிட் வெப்பம் கொடுத்தால், சுமார் 70 யூனிட் குளிர்ச்சி கிடைக்கும். அதே குளிர்ச்சியை ஒரு நல்ல மின்சார ஏசி 20 யூனிட் மின்சாரத்தில் தந்துவிடும். பம்பு, மின்விசிறிகளுக்கு 8 யூனிட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நிஜ மிச்சம் 12 யூனிட்தான். '100 யூனிட் சூரிய ஆற்றல்' என்று பெருமையாகச் சொன்னாலும் பில்லில் குறைவது அவ்வளவுதான்.

மேகமூட்டம் வந்தால்? வெந்நீருக்கு எரிவாயு பாய்லரை ஓட்ட வேண்டும். அப்போது எரிக்கும் வாயுவுக்கும் அதே குறைந்த பலன்தான். இன்னொரு சிக்கல், அமெரிக்கப் பள்ளிகளுக்குக் கோடையில்தான் நீண்ட விடுமுறை. வெயில் உச்சத்தில் இருக்கும்போது வகுப்பறை காலி.

குளிர்கால வெப்பமூட்டலில் கதையே வேறு. அங்கே சூடு சூடாகவே பயன்படுவதால் இழப்பு குறைவு. குளிரூட்டலுக்கோ, பேனல் விலை சரிந்துவிட்ட இன்று, சோலார் மின்சாரத்தில் சாதாரண ஏசியை ஓட்டுவதே பெரும்பாலும் எளிது.

என்ன கேட்கணும்?

ஒரு கட்டடம் 'சூரிய சக்தியில் இயங்குகிறது' என்று யாராவது சொன்னால், மூன்று கேள்வி போதும். தகடு எவ்வளவு சேர்த்தது என்பதை விடுங்க, வாங்கும் மின்சாரமும் எரிபொருளும் எவ்வளவு குறைந்தது? பம்பு செலவைக் கழித்தாச்சா? விடுமுறை மாதங்களையும் சேர்த்து, முழு வருடக் கணக்கு இருக்கா?