வீட்டு விலையில் ஒளிந்திருக்கும் ஃபீஸ்

அமெரிக்காவில் வீடு வாங்கப்போகும் நம்மாட்களிடம் பேசிப் பாருங்கள். கிச்சன், பூஜை ரூம் எல்லாம் அப்புறம்தான். முதல் கேள்வி: "ஸ்கூல் ரேட்டிங் எத்தனை?" பத்துக்கு ஒன்பது என்றால் விலை எகிறினாலும் பரவாயில்லை. குடிபோன பிறகு பெருமையாகச் சொல்வார்கள்: "பசங்க கவர்ன்மென்ட் ஸ்கூல்தான், ஃப்ரீ."

ஃப்ரீ எல்லாம் இல்லை பாஸ். ஃபீஸை வீட்டுக் கடனோடு சேர்த்துக் கட்டுகிறீர்கள். கட்ட முடியாதவரின் பிள்ளைக்கு அந்த கேட் திறக்காது.

அங்கே பள்ளிகளுக்கான பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளூர்ச் சொத்துவரி. வீட்டு விலை அதிகமுள்ள ஊரில் லேசாக வரி போட்டாலே கொட்டும். ஏழை ஊரில் கசக்கிப் பிழிந்தாலும் சொட்டத்தான் செய்யும்.

"நாங்க அதிகமா வரி கட்டுறோம், எங்க பிள்ளை படிக்குது. இதுல என்ன தப்பு?" என்று கேட்கிறார்கள். டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரக் கணக்கைப் பார்ப்போம். 1967-68இல் அங்கே பெரும்பாலும் மெக்சிக வம்சாவளியினர் வாழ்ந்த எட்ஜ்வுட் மாவட்டம், 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி போட்டது. மாநிலத் திட்டத்துக்கான தன் பங்கு போக, ஒரு மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். அதே நகரத்தின் பணக்கார அலமோ ஹைட்ஸ் 85 சென்ட்தான் போட்டது. கிடைத்தது 333 டாலர். அதிக விகிதத்தில் வரி கட்டியது யார்? சொல்லுங்கள்.

டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தந்தையும் மற்ற பெற்றோரும் 1968இல் வழக்குப் போட்டார்கள். 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்று கைவிரித்தது. கல்வி அரசியலமைப்பு உறுதிசெய்த அடிப்படை உரிமை இல்லையாம். பள்ளி உள்ளூர்க் கட்டுப்பாட்டில் இருப்பது நல்லதாம். 26 டாலரை வைத்துக்கொண்டு எதைக் கட்டுப்படுத்துவது?

"அதெல்லாம் பழைய கதை" என்பார்கள். உண்மைதான், 1989இல் டெக்சாஸ் மாநில உச்ச நீதிமன்றமே அந்த முறையை ஒருமனதாக நிராகரித்தது. 1993இல் பணக்கார மாவட்டங்களின் வரியில் ஒரு பகுதியை எடுத்துப் பகிரும் சட்டம் வந்தது. அதற்கு வைத்த பட்டப்பெயர் 'ராபின் ஹூட்'. பொதுப்பணத்தைப் பொதுவில் வைத்தால் கொள்ளைக்காரன் பெயர்!

வேறு வழியே இல்லையா? ஹவாயில் மாநிலம் முழுக்க ஒரே பள்ளி மாவட்டம். பணம் மாநில நிதியிலிருந்து வருகிறது, சொத்துவரியிலிருந்து அல்ல. ஹவாய் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முடியாது என்ற பேச்சு மட்டும் எடுபடாது.

தமிழ்நாட்டின் அரசுப் பொறியியல் கல்லூரியில், மாநிலம் முழுக்கக் கட்டிய வரியில் படித்தவன் நான். என்னைப்போல் ஆயிரக்கணக்கானோர் விமானம் ஏறினார்கள். நமக்கு சீட் கொடுத்தபோது தெருவில் வீடு என்ன விலை என்று யாரும் கேட்கவில்லை. நல்ல ஸ்கூல் பார்த்து வீடு வாங்குங்கள், யாரும் தடுக்கவில்லை. "என் வரி என் ஊருக்குத்தான்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.